பென் டிரைவில் படம், டியூட் போட்டோகொப்பி, கிராக் விண்டோஸ்: கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருகோணமலை நகரில் சின்னதாய் ஒரு கொம்யூனிகேசன் கடை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். போட்டோகொப்பி, பிரிண்ட், ரீலோட், லப்டொப் ஃபோர்மட் என்று எல்லாமே செய்யும் கடை. ஆட்கள் பென் டிரைவைக் கொண்டுவந்து புதுப் படம் ஏற்றித் தரச் சொல்கிறார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் டெலிகிராமில் வந்த டியூட்டை, அதாவது டியூசன் ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் பயிற்சித் தாளை, காட்டி பிரிண்ட் கேட்கிறார்கள். கிராக் போட்ட, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, விண்டோஸும் ஒஃபிஸும் கேட்டு வருகிறவர்களும் உண்டு. “எல்லாரும் செய்கிற வேலைதானே, யாரும் பிடிபட்டதாகக் கேள்விப்படவில்லை. உண்மையிலேயே இது குற்றமா? நான் மாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். என்ன செய்யலாம்?” என்பது அவருடைய கேள்வி.

நேரே சொல்கிறேன் தம்பி, குற்றம்தான். வீட்டில் இருந்து படம் பார்க்கிறவரைவிட, காசு வாங்கிக்கொண்டு ஏற்றிக் கொடுக்கிற உங்கள் மேல்தான் சட்டம் முதலில் கை வைக்கும். நம் நாட்டில் இதற்கு உள்ள சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 178ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுகிறவருக்கு நீதவான் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம், ஆறு மாதம் சிறைக்கு அனுப்பலாம், இரண்டையும் சேர்த்தும் கொடுக்கலாம். திரும்பவும் அகப்பட்டால் தண்டனையை இரட்டிப்பாக்க இடமுண்டு. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: களவாக எடுத்த பிரதி என்று தெரிந்திருந்தும், அல்லது அப்படி நினைக்க நியாயம் இருந்தும், அதை விற்றாலோ விற்பனைக்குக் காட்டினாலோ வியாபார நோக்கத்தோடு கையில் வைத்திருந்தாலோ அதுவும் குற்றம். உங்கள் கடைக் கம்பியூட்டரில் “புதுப் படம்” என்று ஒரு ஃபோல்டர் இருந்து, பக்கத்தில் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று எழுதிய மட்டையும் தொங்கினால், வேறு சாட்சி தேடிப் போக வேண்டியதில்லை. “படத்தை நான் திருடவில்லை, இறக்கி மட்டும் கொடுத்தேன்” என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இரண்டு தவறான எண்ணங்கள் கடைகளில் அடிக்கடி காதில் விழும். முதலாவது, பதிவு செய்தால்தான் உரிமை என்பது. வர்த்தகச் சின்னத்துக்கும் ஆக்கவுரிமைக்கும் (புதுக் கண்டுபிடிப்புக்கான உரிமை) கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு உண்டு. பதிப்புரிமைக்கு அப்படி ஒன்றும் வேண்டாம். எழுதி முடித்த நேரத்திலேயே, பாடிப் பதிவு செய்த நேரத்திலேயே உரிமை வந்துவிடும். இரண்டாவது, இந்தியப் படத்துக்கு இங்கே என்ன சட்டம் என்பது. ஒரு நாட்டின் படைப்பை மற்ற நாடுகளும் பாதுகாக்க வேண்டும் என்ற பேர்ண் சமவாயத்தில் இந்தியா 1928இலிருந்தும் இலங்கை 1959இலிருந்தும் இருக்கின்றன. அதனால் சென்னையில் எடுத்த படத்துக்கும் இங்கே எடுத்த படத்துக்கும் நம் நீதிமன்றத்தில் ஒரே பாதுகாப்புத்தான்.

சரி, அப்படியானால் ஏன் யாரும் பிடிபடுவதில்லை? உங்களைப் பயம் காட்டுவதற்காக நான் எதையும் மறைக்கப் போவதில்லை. முறைப்பாடு செய்ய உரிமைக்காரர் வேண்டும். சென்னைத் தயாரிப்பாளர் என்.சி. வீதிக்கு வந்து பென் டிரைவ்களை எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. குற்ற வழக்கு இங்கேயே நீதவான் நீதிமன்றத்தில் நடக்கலாம். ஆனால் நட்டஈடும் தடையுத்தரவும் கேட்டுப் போடும் சிவில் வழக்கு வணிக மேல் நீதிமன்றத்துக்குரியது. அதற்குத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குத்தான் போய்வர வேண்டும். பஸ் காசு, சட்டத்தரணி காசு, லீவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் சின்னக் கலைஞர் ஒருவர் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார். பாதிக்கப்பட்டவருக்கு எட்டாத தூரத்தில் நியாயம் இருப்பதுதான் இங்கே பிடிபடாமல் இருப்பதற்குக் காரணம். நடப்பது சின்ன விசயம் என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதனால்தான் படத்தை விட்டுவிட்டு டியூட்டில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் கடையில் நடக்கும் மூன்றிலும் எனக்கு மனசு பொறுக்காதது அதுதான். படத்தின் சொந்தக்காரரை நீங்கள் ஒருநாளும் காணப்போவதில்லை. டியூட்டின் சொந்தக்காரர் உங்கள் கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போகிறவர்.

ஒரு டியூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரசாயனவியலோ இணைந்த கணிதமோ, ஏதோ ஒன்று. மேல் மூலையில் ஆசிரியருடைய பெயர், கீழே கைபேசி எண். உள்ளே அவர் வருடக்கணக்காய்ப் பழைய வினாத்தாள்களை அலசி, எந்தக் கேள்வி எந்த வடிவத்தில் வரும் என்று பிரித்து, ஒவ்வொரு அலகுக்கும் இலகுவானதிலிருந்து கடினமானதுக்குப் படி வைத்து எழுதிய கணக்குகள். தமிழ் மொழிமூலத்தில் உயர்தர விஞ்ஞானத்துக்கு நல்ல பயிற்சிப் புத்தகங்கள் அரிது என்பது உங்களுக்கும் தெரியும். அந்தப் பள்ளத்தை நிரப்புகிறவர்கள் இந்த ஆசிரியர்கள்தான். அந்தத் தாளை ஒரு பிள்ளை போனில் படம் பிடிக்கிறது, பிடிஎஃப் ஆக்குகிறது, டெலிகிராம் குழுவில் போடுகிறது. இரவோடு இரவாக அது மூதூர், கிண்ணியா, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் வரை போய்விடும். அடுத்த நாள் உங்கள் கடையில் பிரிண்ட். சில கடைகளில் ஆசிரியரின் பெயர் இருக்கும் இடத்தை ஒரு வெள்ளைத் தாள் துண்டால் மறைத்துவிட்டுக் கொப்பி எடுக்கிறார்கள். கட்டாக அடித்து, நூல் கட்டி, முன்னால் அடுக்கியும் வைக்கிறார்கள்.

அந்த வெள்ளைத் துண்டு தனியாக ஒரு குற்றத்தைச் சேர்க்கிறது. சட்டத்தின் 10ஆம் பிரிவு, காசு உரிமைக்கு அப்பால், ஆக்கியவருக்குத் தன் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. பெயரை மறைக்கும்போது பொருளையும் எடுத்து, அது யாருடையது என்ற உண்மையையும் எடுத்துவிடுகிறீர்கள்.

“பிள்ளைகள் படிக்கத்தானே, படிப்புக்கு விதிவிலக்கு இருக்கிறதாமே” என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அது அகலமில்லை. 11ஆம், 12ஆம் பிரிவுகள் நியாயமான பாவனை என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. ஒரு மனிதர் தன் சொந்தத் தேவைக்கு, சட்டபூர்வமான ஒரு பிரதியிலிருந்து, ஒரே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். அதிலும் முழுப் புத்தகத்தையோ அதன் பெரும்பகுதியையோ போட்டோகொப்பி எடுக்க முடியாது. நேரில் நடக்கும் கற்பித்தலுக்காகச் சிறு பகுதிகளைப் படியெடுக்கலாம். அதுவும் இலாப நோக்கம் இல்லாத கல்வி நிறுவனத்துக்கு மட்டும். அரசாங்கப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஒரு நூலின் மூன்று பக்கத்தை வகுப்புக்குக் கொப்பி எடுக்க வந்தால் தாராளமாக எடுத்துக் கொடுங்கள். டெலிகிராமில் வந்தது சட்டபூர்வமான பிரதி இல்லை, நீங்கள் பத்துக் கட்டு அடித்து வைப்பது ஒரு பிரதியும் இல்லை. இரண்டு பக்கத்தாலும் வாசல் மூடித்தான் இருக்கிறது.

போட்டோகொப்பிக் கடை ஒன்றே நீதிமன்றம் போன கதை ஒன்று உண்டு, உங்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகொப்பி சேர்விஸ் என்று ஒரு சின்னக் கடை. பேராசிரியர்கள் கொடுத்த வாசிப்புப் பட்டியல்படி, பல நூல்களின் அத்தியாயங்களைச் சேர்த்துக் கட்டி மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பெரும் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் கடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் பதிப்பகங்கள் வழக்கிலிருந்தே விலகிக்கொண்டன. எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகுந்த மரியாதை உண்டு. விலை கொடுத்து வாங்க முடியாத பிள்ளைக்குப் பல்கலைக்கழகப் படிப்பு மூடிப்போகக் கூடாது என்பதை அது உறுதியாகச் சொன்னது. ஆனால் அதை நம் கடைக்குக் கேடயமாகப் பிடிக்க முடியாது. அது இந்தியச் சட்டத்தில் கற்பித்தலுக்கென்று இருக்கும் விதிவிலக்கைப் பொருள்கொண்ட தீர்ப்பு, நம் சட்டத்தின் வாசகம் வேறு. அங்கே பாடத்திட்டமும் பல்கலைக்கழகமும் பின்னால் நின்றன. இங்கே ஒரு தனி மனிதரின் ஒரே வருமானத்தைக் கட்டுக் கட்டாக அடிக்கிறார்கள்.

டெலிகிராம் குழு நடத்துகிறவரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்ற நம்பிக்கையும் 2022க்குப் பிறகு அவ்வளவு உறுதியானதில்லை. தில்லியில் போட்டித் தேர்வுப் பயிற்சி நடத்தும் நீது சிங் என்ற ஆசிரியை, தன் பாட வீடியோக்களையும் புத்தகங்களையும் டெலிகிராம் சனல்கள் பரப்புகின்றன என்று வழக்குப் போட்டார். எங்கள் சேவையகங்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன, பாவனையாளர் விபரம் தர முடியாது என்று டெலிகிராம் வாதாடிப் பார்த்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022 ஓகஸ்டில் உத்தரவு வந்தது. சனல் நடத்தியவர்களின் பெயர், தொலைபேசி எண், ஐபி முகவரி (இன்டர்நெட் இணைப்பின் அடையாள எண்) எல்லாம் நீதிமன்றத்தின் கைக்குப் போயின. பெரிய ஸ்டூடியோ எதுவும் அல்ல, ஒரு டியூசன் ஆசிரியை கொண்டுவந்த வழக்கு அது.

அப்ப என்ன செய்யலாம்? பிரிண்ட் வேலையை விட வேண்டாம் தம்பி, அந்த வேலையை நேர்வழிக்கு மாற்றுங்கள். ஆசிரியர்களுக்கு டியூட் அச்சடிக்க ஒரு கடை எப்படியும் வேண்டும். நேரே போய்ப் பேசுங்கள்: “சேர், உங்கள் டியூட் என் கடையில்தான் கிடைக்கும், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், ஒரு கட்டுக்கு இவ்வளவு உங்களுக்கு, அச்சுக் கூலி எனக்கு.” ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். வாய்ப்பேச்சு இந்தச் சட்டத்தில் வலுவில்லை, உரிமை கொடுப்பதும் அனுமதி கொடுப்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வகுப்புக்கு வராத பிள்ளைக்கு டியூட் மட்டும் விற்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்து காசில்லாமல் நிற்கும் பிள்ளையை நானும் நினைக்காமல் இல்லை. அந்தப் பிள்ளையின் பெயரை ஆசிரியரிடம் சொல்லுங்கள். கேட்டு மறுக்கிற ஆசிரியர்கள் மிகக் குறைவு. மறுத்தால்கூட, அதைக் கொடுப்பதா இல்லையா என்று சொல்லும் உரிமை அவருடையது.

இன்னும் ஒன்று. காசில்லாமல், களவில்லாமல் கிடைக்கிற பாடப் பொருட்களே ஏராளம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் தமிழிலும் பிடிஎஃபாக இருக்கின்றன. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் உண்டு, உயர்தரத்துக்கான வளநூல்களும் உண்டு. இந்த இரண்டு தளங்களும் எங்கே என்று தெரியாத பெற்றோர் இன்றைக்கும் நிறையப் பேர். பிள்ளைக்கு வேண்டிய பக்கத்தைத் தேடி எடுத்து அச்செடுத்துக் கொடுக்கத் தெரிந்த கடை என்றால் ஆட்கள் தேடி வருவார்கள்.

இனிப் படத்துக்கு வருவோம். முன்பு தியேட்டரில் கமராவால் எடுத்த ஆட்டமான பிரதிதான் முதலில் வரும். இப்போது பெரும்பாலும் ஸ்ட்ரீமிங் சேவையில் வெளியான அன்றே அதன் பாதுகாப்பை உடைத்து எடுத்த தெளிவான பிரதி வருகிறது. தியேட்டர் பிரதியிலும் தடம் உண்டு. டிஜிட்டல் சினிமாவில் ஓடும் படத்துக்குள், கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடாத ஒரு குறி பதிந்துகொண்டே போகும். களவுப் பிரதி கையில் கிடைத்தால், எந்த மண்டபத்தில் எந்த நேரத்துக் காட்சியில் எடுத்தது என்று அதிலிருந்து வாசித்துவிடலாம். இந்தியாவில் 2023இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, இப்படிப் பதிவு செய்வதற்கும் பரப்புவதற்கும் மூன்று மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறையும், குறைந்தது மூன்று இலட்சம் இந்திய ரூபாய் தண்டமும் வைத்தார்கள். தண்டம் படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை ஏறலாம். ஒரு தளத்தை முடக்கினால் அடுத்த நாள் வேறு முகவரியில் முளைக்கிறது என்பதால், தில்லி உயர் நீதிமன்றம் 2019இலிருந்து, புதிதாக முளைக்கும் நகல் முகவரிகளையும் அதே தடைக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது.

உங்கள் கடையில் வேலைக்கு நிற்கும் பெடியன் டொரண்டில் இறக்குகிறான் என்றால் அதைத் தனியாகக் கவனியுங்கள். டொரண்ட் என்பது ஒரு இடத்திலிருந்து ஒரு கோப்பை இறக்குவது மாதிரி இல்லை. பிறாம் கோஹன் 2001இல் இந்த முறையை உருவாக்கியபோது அதன் சூட்சுமமே, கோப்பைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, வாங்குகிறவர்களையே கொடுக்கிறவர்களாகவும் ஆக்கியதுதான். உங்கள் கம்பியூட்டருக்கு முதல் துண்டு வந்து சேர்ந்தவுடனேயே, அதை முன்பின் தெரியாத ஆட்களுக்கு அது அனுப்பத் தொடங்கிவிடும். அதாவது “நான் இறக்க மட்டும்தான் செய்தேன்” என்பது தொழில்நுட்பப்படியே உண்மையில்லை, நீங்கள் விநியோகமும் செய்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் உங்கள் ஐபி முகவரி வெளிச்சமாகத் தெரியும். அந்த இணைப்பு கடைப் பெயரில், உங்கள் அடையாள அட்டையில் எடுத்த இணைப்பு. டொரண்ட் தொழில்நுட்பம் மட்டும் குற்றமில்லை. லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்களை அவற்றைச் செய்கிறவர்களே டொரண்டில் கொடுக்கிறார்கள். அதில் என்ன ஓடுகிறது என்பதுதான் விசயம். பாட்டும் படமும் பகிரும் சேவைகளில், நப்ஸ்டர் 2001இல் மூடியதும், பைரட் பே நடத்தியவர்களுக்கு 2009இல் சுவீடனில் சிறைத் தண்டனை விதித்ததும், மெகாஅப்லோட் 2012இல் முடங்கியதும் பழைய கதைகள். நடத்துகிறவரைத்தான் பிடிக்கிறார்கள் என்பது அந்தக் கதைகளில் பொதுவாக இருப்பது. நம்மூர் அளவில், காசு வாங்கும் கடை அந்த நடத்துகிறவரின் இடத்தில் நிற்கிறது.

ஆட்கள் ஏன் உங்களிடம் வருகிறார்கள் என்பதையும் மனிதராய்ப் பார்க்க வேண்டும். 2022இல் டொலர் இரண்டே மாதத்தில் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. சந்தாக் கணக்கு டொலரில், பலர் கையில் கடனட்டையும் இல்லை. இந்தியாவில் ஸ்ட்ரீமிங்கில் வந்த படத்துக்கு இலங்கைக்கான உரிமை வாங்காமல் விட்டிருப்பார்கள்; காசு கொடுக்கத் தயாராய் இருக்கிறவருக்கும் “உங்கள் நாட்டில் கிடைக்காது” என்றுதான் திரையில் வரும். இது உரிமைக்காரர்களின் பக்கத்துக் குறை. நம்மூர் இரசிகரைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுகிறார்கள், அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தக் குறைக்கு மருந்து உங்கள் கடையின் காசுப் பெட்டி ஆகாது. பார்வையாளருக்கு வழி இல்லை என்பது அவருடைய நியாயம். அந்த வழியின்மையில் இடைநடுவே காசு பண்ணுவது வேறு விசயம்.

கடையில் செய்யக்கூடியது என்ன? பழைய தமிழ்ப் படங்கள் நூற்றுக்கணக்கில், உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களாலேயே யூடியூபில் முழுசாக ஏற்றப்பட்டிருக்கின்றன. வயதானவர்களுக்கு அந்தச் சனல்களைப் போனில் எடுத்துக் கொடுங்கள். ஸ்மார்ட் டீவியில் சேவைகளை அமைத்துக் கொடுப்பதற்கும், இங்கே சட்டப்படி கிடைக்கும் சந்தாவை அவரவர் பெயரில் எடுத்துக் கொடுப்பதற்கும் கூலி வாங்கலாம். ஒரே சந்தாவை வாங்கி அதன் கடவுச்சொல்லைப் பத்துப் பேருக்குக் கூறு போட்டு விற்கும் வியாபாரம் பேஸ்புக்கில் நடக்கிறது, அதில் இறங்காதீர்கள். கணக்கை முடக்கும் நாளில் பத்துப் பேரும் உங்கள் கடை வாசலில் நிற்பார்கள்.

நம்மூர்ப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படம், பாட்டு, மேடை நாடகப் பதிவு ஆகியவற்றில் ஒன்றுகூட உங்கள் கடையிலிருந்து வெளியே போகக் கூடாது. இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். கமராவை வாடகைக்கு எடுத்து, நடிக்கிற நண்பர்களுக்குச் சோறு போட்டு, உப்புவெளிக் கரையிலும் நிலாவெளிப் பக்கத்திலும் விடிய விடிய எடுத்த ஒன்றை, அவர்கள் மண்டபத்தில் டிக்கெட் போட்டுக் காட்டி அந்தச் செலவையாவது எடுக்கப் பார்க்கிறார்கள். முதல் காட்சியிலேயே ஒருவர் போனில் பிடித்து வட்ஸ்அப்பில் விட்டால் இரண்டாவது காட்சிக்கு ஆள் வராது. பெரிய தயாரிப்பாளர் அடுத்த படத்தில் அந்த நட்டத்தை எடுத்துவிடுவார். இவர்களுக்கு அடுத்த படமே இருக்காது. அப்படி யாராவது உங்களிடம் வந்து கவலைப்பட்டால், யூடியூபிலும் பேஸ்புக்கிலும் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவம் இருக்கிறது, காசில்லாமல் நிரப்பலாம் என்று சொல்லிக் கொடுங்கள். யூடியூபில் 90 நாளைக்குள் மூன்று எச்சரிக்கை விழுந்த சனல் மூடப்படும் நிலைக்கு வந்துவிடும். கொழும்பு நீதிமன்றத்தைவிட இது அவர்களுக்குக் கிட்ட இருக்கும் கதவு.

இதோடு ஒட்டியது ஒன்று: கோவில் திருவிழா நேரலை இடையில் ஊமையாகிவிட்டது என்றும், கலியாண வீடியோவை யூடியூப் தடுக்கிறது என்றும் ஆட்கள் வந்து கேட்பார்கள். பின்னால் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடியிருக்கும். யூடியூபின் கொன்டென்ட் ஐடி 2007இலிருந்து ஒலியை ஒப்பிட்டுப் பிடிக்கிறது. அதை ஏமாற்ற வழி தேட வேண்டாம். யூடியூபே கொடுக்கும் இலவச இசைத் தொகுப்பிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

கடைசியாகக் கிராக் சொப்ட்வெயார். இதில் சட்டத்தைவிட உங்கள் வாடிக்கையாளரின் கோப்புகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. கிராக் கோப்போடு வரும் குறிப்பை ஒரு தடவை நிதானமாக வாசியுங்கள். “முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்” என்று இருக்கும். யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய புரோகிராமுக்கு, காவலை எடுத்துவிட்டு, முழு அதிகாரத்தோடு வழி விடுகிறீர்கள். 2018இலிருந்து பரவிய ஸ்டொப் டிஜேவியூ என்ற ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் புரோகிராம்) பெரும்பாலும் கிராக், கீஜென் (கள்ள உரிமக் குறியீடு உருவாக்கும் கருவி) வழியாகத்தான் கம்பியூட்டர்களுக்குள் போனது. ஒரு நாள் காலையில் லப்டொப்பைத் திறந்தால் பிள்ளையின் பிறந்தநாள் படம், பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரை, கடைக் கணக்கு எல்லாக் கோப்புகளுக்கும் பின்னால் புரியாத ஒரு வால் ஒட்டியிருக்கும், எதுவும் திறக்காது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் “ரீட்மீ” என்று ஒரு குறிப்பு. 980 டொலர் கட்டு, 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டொலர். பழைய வகைகள் சிலவற்றுக்குத் திறக்கும் கருவி 2019இல் இலவசமாக வந்தது. புதிய வகைகள் பலவற்றில் கோப்புகள் போனது போனதுதான். நிலாவெளிப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர் ஒருவரின் இறுதி வருட ஆய்வு அப்படிப் போனால், ஃபோர்மட் கூலியாக வாங்கிய காசால் அதை ஈடுகட்ட முடியுமா?

சட்டமும் இதில் தனியாகப் பேசுகிறது. களவுப் பிரதி என்று தெரிந்தும் ஒரு கணினிப் புரோகிராமை வியாபார இலாபத்துக்குப் பாவிப்பது 178ஆம் பிரிவில் குற்றம். கலியாண அட்டை வடிவமைக்கும் கடையில் இருக்கும் கிராக் ஃபோட்டோசொப் இதற்குள் வரும்.

பல தடவை கிராக் தேவையே இல்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்ற லப்டொப்களில் உரிமக் குறியீடு மதர்போர்ட்டிலேயே பதிந்திருக்கிறது. ஹோம் பதிப்போடு வந்த லப்டொப்புக்கு ஹோம் பதிப்பையே மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து இறக்கிப் போடுங்கள், இன்டர்நெட் வந்தவுடன் தானாகவே உரிமம் எடுத்துக்கொள்ளும். நம் கடைகளில் நடக்கும் பிழை, எல்லாருக்கும் புரோ பதிப்பைப் போடுவது. உரிமம் ஒத்துவராது, உடனே கிராக். காசு கொடுத்து வாங்கிய உரிமத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் கள்ளப் பிரதியை வைக்கிறீர்கள். அடிப்படை வேலைகளுக்கு வேர்டும் எக்செலும் மைக்ரோசொப்ட் கணக்கு இருந்தால் பிரவுசரில் இலவசம். லிப்ரேஒஃபிஸ் முழுசாகவே இலவசம், தமிழ் யூனிகோட் நன்றாகவே வேலை செய்யும். வடிவமைப்புக்கு கிம்ப், இன்க்ஸ்கேப். கலியாண வீடியோ வெட்டி ஒட்ட டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு தாராளம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகிய கைக்கு யூனிகோட் முதல் கிழமை சங்கடமாய்த்தான் இருக்கும். பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யூனிகோட் தட்டச்சு செய்யும் கருவிகள் உண்டு. எழுத்துருவுக்கு நோட்டோ தமிழ், கட்டமரன், மீரா இனிமை போன்றவற்றைப் பாவியுங்கள், திறந்த உரிமத்தில் வந்தவை, அட்டைக்கும் பதாகைக்கும் தடையில்லை. பழைய லப்டொப், விண்டோஸ் 11 ஏறாது, விண்டோஸ் 10இன் ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது என்றால், லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். பிரவுசரும் படமும் கடிதமும் போதும் என்கிற வீட்டுக்கு அது போதுமானது.

பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பற்றியும் கேட்டு வருவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கும். அதன் பிறகு அது எல்லாருக்கும் பொது. நம் திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’ தமிழின் ஆரம்பகால வரலாற்று நாவல்களில் ஒன்று. அவர் 1902இல் காலமானார். அதை நீங்கள் அச்சிட்டு விற்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஈழத்து நூல்களைத் தேடுகிறவருக்கு 2005இலிருந்து இயங்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைக் காட்டுங்கள். பழந்தமிழ் இலக்கியத்துக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இன்றைய பதிப்பகம் ஒன்று பழைய நூலை மறுபதிப்பாகப் போட்டிருந்தால், மூல நூல் பொதுவானாலும் அதன் புதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அட்டைப் படமும் அவர்களுடையவை. அந்தப் புத்தகத்தை அப்படியே போட்டோகொப்பி எடுக்காமல் பழைய பதிப்பிலிருந்து எடுங்கள். நூலகம் தளத்தில் கிடைக்கும் எல்லா நூல்களும் உரிமை முடிந்தவை இல்லை. பல நூல்களை எழுத்தாளர்களிடம் அனுமதி வாங்கி வாசிப்பதற்காக வைத்திருக்கிறார்கள். வாசிக்க அனுமதித்ததை அச்சடித்து விற்பதற்கு அந்த எழுத்தாளரிடம், அல்லது குடும்பத்தாரிடம், வேறாகக் கேட்க வேண்டும்.